பால் பைத்தான் பெட்டிக்குத் தெர்மோஸ்டாட்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது

பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பாம்பின் நிறத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் பெட்டி, அதற்குள் வைக்க ஒரு மரக்கிளை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, சூட்டுக்கு ஒரு பல்ப். செலவு ஏறிக்கொண்டே போகும்போது பட்டியலில் முதலில் அடிபடுவது தெர்மோஸ்டாட். "பல்ப்தான் இருக்கிறதே, சூடு வந்துவிடாதா?" என்பார்கள். வரும். எங்கே போய் நிற்கும் என்பதுதான் பிரச்சினை. ஒரே 100 வாட் பல்ப், அறை 19 டிகிரியில் இருக்கும் ஜனவரி இரவில் போதாமல் போகும். அறை 30 டிகிரியைத் தொடும் கோடைப் பகலில் பாம்பு ஒதுங்க இடமே இல்லாதபடி பெட்டி முழுவதையும் சூடாக்கிவிடும். "போதும், நிறுத்து" என்று பல்புக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் தெர்மோஸ்டாட்.

பெட்டி வாங்குவதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள் என்பேன் நான். கையில் காசு குறைவு என்றால் பிளாஸ்டிக் கொடியையும் அலங்காரப் பாறையையும் தள்ளிப்போடலாம்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்

ஊர்வனவற்றின் உடம்பு நம் உடம்பைப் போல உள்ளுக்குள் சூட்டை உண்டாக்கி ஒரே அளவில் வைத்துக்கொள்வதில்லை. (சில இனங்களில் அடைகாக்கும் பெண் மலைப்பாம்பு தசைகளைத் துடிக்கவைத்து முட்டைகளுக்குச் சூடேற்றும், அது தனிக் கதை.) காலையில் மதில்மேல் வெயில் காயும் ஓணான் உச்சிவேளையில் நிழலுக்கு ஓடுவது இதனால்தான். சூடு வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும், போதுமென்றால் நிழலுக்கு வரும். பால் பைத்தானின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கமிருந்துதான் உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது. அங்கே அது பகலை எலி வளையிலும் கறையான் புற்றிலும் கழித்துவிட்டு இரவில் வெளியே வரும். வளைக்குள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலே வேண்டிய சூடு கிடைத்துவிடும். பெட்டிக்குள் அந்த வசதியை நாம்தான் செய்து தர வேண்டும். ஒரு முனை சூடாக, மறுமுனை குளிர்ச்சியாக.

சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 24 முதல் 27. இரவில் 24க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது. சூடு போதவில்லை என்றால் எலியை விழுங்கிய பாம்பால் அதைச் செரிக்க முடியாது, கக்கிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் சளிபிடித்து மூச்சுத் தொல்லை வரும். சூடு மிஞ்சினால் இன்னும் மோசம். குளிரில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கிற பாம்பு, மூடிய பெட்டிக்குள் கடும் சூட்டில் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

"சூடு தாங்கவில்லை என்றால் பாம்பு தானே நகர்ந்துவிடாதா?" காற்றின் சூட்டுக்கு அது பெரும்பாலும் சரி. தரைச் சூட்டுக்கு அதை நம்பக் கூடாது. கீழே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு) கொதித்துக்கொண்டிருந்தாலும் அதன்மேலேயே சுருண்டு படுத்து, வயிறு வெந்துபோன பாம்புகள் மருத்துவர்களிடம் வருவது சகஜமான விஷயம். வயிற்றுச் செதில்கள் முதலில் சிவக்கும், பிறகு பழுப்பாகிக் கொப்புளம் காணும். ஆறுவதற்கு மாதக்கணக்காகும், தழும்பும் நிற்கும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட், உள்ளே கம்பிச்சுருள் வைத்த 'ஹீட் ராக்' எனும் செயற்கைப் பாறை, இரண்டுமே இதில் பேர்போனவை. ஹீட் ராக்கை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கருவிக்கு எது தெரியும், எது தெரியாது

தெர்மாமீட்டர் சூட்டைக் காட்டும், தெர்மோஸ்டாட் சூட்டைக் கட்டுப்படுத்தும். வீட்டு அயர்ன் பாக்ஸில் இருப்பதும் ஒரு தெர்மோஸ்டாட்தான். திருகை 'காட்டன்' பக்கம் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், அளவு வந்ததும் 'டிக்'கென்று அணையும், ஆறியதும் மறுபடி எரியும். பாம்புப் பெட்டிக்கு வாங்கும் கருவியும் இதையேதான் செய்கிறது. ஒரே வித்தியாசம், இதன் சென்சார் ஒரு நீள வயரின் நுனியில் இருக்கும், நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம். பார்த்தால் சின்னக் கறுப்பு மணி மாதிரியோ, விரல் நீளத்துக்கு ஒரு எவர்சில்வர் குழாயாகவோ தெரியும்.

அந்த நுனி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது மட்டுமே தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். பாம்பு பெட்டியின் எந்த மூலையில் கிடக்கிறது, பல்புக்கு நேர் கீழே பாறை எப்படிச் சுடுகிறது, வயரை யாராவது இழுத்து வெளியே போட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. திரையில் 32 என்று ஒளிர்ந்தால் சென்சார் நுனி 32 டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் வைத்தும் பாம்பு வெந்துபோன கதைகளை விசாரித்தால், பெரும்பாலும் கருவி ஒழுங்காக வேலை செய்திருக்கும். சென்சார்தான் தப்பான இடத்தில் இருந்திருக்கும்.

மூன்று வகை

முதலாவது ஆன்-ஆஃப் வகை. 32 என்று வைத்தால், 32 வந்ததும் மின்சாரத்தை முழுக்க நிறுத்தும். 31க்கு இறங்கியதும் முழுக்கக் கொடுக்கும். ஹீட் மேட், ஹீட் கேபிள் போன்றவை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுபவை என்பதால் இது அவற்றுக்குப் போதும். பல்புக்கு வேண்டாம். நாள் முழுக்க விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பாம்புக்கும் நிம்மதி இல்லை, பல்பின் இழையும் சீக்கிரம் அறுந்துபோகும்.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஆன்-ஆஃப் கருவி எஸ்டிசி-1000. கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெட்டி. இதன் மெனுவில் எஃப்1 முதல் எஃப்4 வரை நான்கே அமைப்புகள். எஃப்1 வேண்டிய சூடு. எஃப்2 எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி ஆன் ஆக வேண்டும் என்பது. எஃப்3 கம்ப்ரசருக்கான தாமதம். குளிரூட்ட மட்டும்தான், அதை நாம் சீண்ட வேண்டியதில்லை. எஃப்4 சென்சாரின் பிழையைத் திருத்த. புதிதாக வாங்குகிறவர்கள் எஃப்2வை 0.3 என்று குறைத்து, சூடு அப்படியே அசையாமல் நிற்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்சுக்குத்தான் கஷ்டம். சாதாரண ரிலே ஒன்று மின்சுமையோடு சுமார் ஒரு லட்சம் தடவை வேலை செய்யும் என்பது கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆன் ஆனால் நாளைக்கு 720. ஒரு லட்சம் ஐந்து மாதத்துக்குள் தீர்ந்துவிடும். வித்தியாசத்தை 1 டிகிரியாக வைத்து, கால் மணிக்கு ஒருமுறை என்று ஆக்கினால் அதே ரிலே கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு ஓடும். ஒரு டிகிரி ஏற்ற இறக்கம் பாம்புக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, எஸ்டிசி-1000க்குப் பின்பக்கம் திறந்த திருகு முனைகள் இருக்கும். 230 வோல்ட் அங்கே நேரடியாக வருகிறது. வயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கி வாங்குவது நல்லது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் இங்க்பேர்ட் ஐடிசி-308 மாதிரி பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்து வரும் கருவி இருக்கிறது. சுவரில் சொருகி, ஹீட்டரை அதில் சொருகினால் வேலை முடிந்தது.

இரண்டாவது, பல்ஸ் வகை. முழுக்க நிறுத்தாமல் மின்சாரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பும். சூடு கிட்டே வர வர துண்டுகளின் நீளம் குறையும். ஒளியே தராமல் வெறும் சூடு தரும் செராமிக் ஹீட்டருக்கு இது பொருத்தம். பல்பில் போட்டால் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, டிம்மிங் வகை. வீட்டு எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்குள் இருக்கிற ட்ரையாக் என்ற பாகம்தான் இதற்குள்ளும் வேலை செய்கிறது. மின் அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். காலையில் பெட்டி குளிர்ந்திருக்கும்போது ஹாலோஜன் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், வேண்டிய சூடு நெருங்க நெருங்க மங்கி ஓரிடத்தில் நிலைக்கும். சூடு ஏறி இறங்குவதே தெரியாது. பல்புக்கு இது ஒன்றுதான் சரியான வகை. செராமிக் ஹீட்டரையும் ஹீட் மேட்டையும்கூடப் பெரும்பாலான டிம்மிங் கருவிகள் ஓட்டும், குறைந்தபட்ச வாட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாடல்கள் 10, 15 வாட் மேட்டை ஒழுங்காகக் கட்டுப்படுத்தாது. ஒரே ஒரு தெர்மோஸ்டாட்தான் வாங்க முடியும் என்றால் டிம்மிங் வகையை வாங்குங்கள்.

சூட்டுக்காக அல்லாமல் வெளிச்சத்துக்காகவோ புற ஊதாக் கதிருக்காகவோ வைக்கும் விளக்குகளை எந்தத் தெர்மோஸ்டாட்டிலும் மாட்டக் கூடாது. யுவிபி டியூப், எல்இடி, மெர்க்குரி விளக்கு எல்லாம் டைமரோடு சரி.

ஃபேன் ரெகுலேட்டர் என்றதும் சிலருக்கு ஒரு யோசனை வரும். சும்மா ஒரு டிம்மர் சுவிட்சைப் போட்டு, திருகி ஓர் அளவில் விட்டுவிட்டால் போதாதா? போதாது. அதற்குச் சென்சார் கிடையாது. மதியம் அறை சூடானால் அது பல்பைக் குறைக்காது, விடியற்காலையில் குளிர்ந்தால் கூட்டாது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது

பிரிட்டனில் ஹாபிஸ்டாட், மைக்ரோக்ளைமேட், அமெரிக்காவில் ஹெர்ப்ஸ்டாட் போன்றவை ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்படும் பெயர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவிடமோ அண்ணனிடமோ சொல்லி வாங்கி வரச் செய்கிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டனிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின்பக்கத் தகட்டில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் இங்கே சொருகியதும் கருகிவிடும். ஃபாரன்ஹீட்டில் மட்டும் காட்டும் மாடலும் உண்டு. 90 என்றால் 32 டிகிரி என்று தினமும் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும்.

தெர்மோஸ்டாட் எத்தனை வாட் தாங்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். மாட்டப்போகிற ஹீட்டர்களின் வாட்டைக் கூட்டி, அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட் மேட்டுக்கென்று விற்கும் சின்னக் கருவி 100 வாட் மட்டுமே தாங்கும் என்றிருக்கும். அதில் 150 வாட் செராமிக்கை மாட்டுகிறவர்கள் உண்டு.

ஹீட்டரின் வாட் தேர்விலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று பெரிய பல்பாகப் போட வேண்டாம். டிம்மிங் கருவியில் பல்ப் எப்போதும் மங்கிச் செம்மஞ்சளாகவே எரிகிறதென்றால் வாட் அதிகம். விலங்குக்கு வெளிச்சமும் கிடைக்காது, கருவி பழுதாகி முழு மின்சாரத்தைத் திறந்துவிடும் நாளில் பெட்டி கொதித்துவிடும். எப்போதும் முழு வெளிச்சத்திலேயே எரிந்தும் வேண்டிய சூடு வரவில்லை என்றால் வாட் குறைவு. குளிர் நாளில் முக்கால் பங்குக்கு மேல் எரிந்து நிலைக்கிற பல்ப் சரியான பல்ப். அது முழுக்க எரிந்தாலும் உயிரை எடுக்கும் சூடு வராது என்பதே பெரிய பாதுகாப்பு.

பொருத்துவது

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள மரப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பால் பைத்தானுக்கு இது நியாயமான அளவு. சூடு எல்லாம் ஒரே முனையில் இருக்க வேண்டும். நடுவில் பல்பைத் தொங்கவிட்டால் இரண்டு முனையும் ஒரே மாதிரி ஆகிவிடும், பாம்புக்குத் தேர்வே இல்லாமல் போகும். இடது முனைக் கூரையில் ஹாலோஜன் பல்ப். அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டாயம், ஏனென்றால் பாம்பு எதன்மேலும் ஏறிச் சுற்றிக்கொள்ளும். பல்புக்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல். பக்கத்தில் ஒரு பொந்து, குளிர்ந்த முனையில் இன்னொரு பொந்து. பால் பைத்தான் கூச்சப் பிராணி. ஒரே ஒரு பொந்து வைத்தால், சூடோ குளிரோ, அதற்குள்ளேயே கிடக்கும்.

சென்சாரை எங்கே வைப்பது? சுருண்டு படுத்திருக்கும் பாம்பின் முதுகு உயரத்தில், வெயில் காயும் கல்லின் ஓரத்தில், பல்பின் கதிர் நேராகப் படாமல். கதிர் நேராகப் பட்டால் கறுப்புச் சென்சார் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகச் சூடேறி, பெட்டி சூடாவதற்குள் பல்பை மங்கவைத்துவிடும். கூரைக்கருகே வைத்தால் மேலே தேங்கும் சூடான காற்றைப் படித்துவிட்டுத் தரையைக் குளிரவிடும். குளிர்ந்த முனையில் வைப்பது எல்லாவற்றிலும் ஆபத்து. அந்த முனை 32 ஆகும்வரை பல்ப் ஓயாது, அதற்குள் சூடான முனை எங்கேயோ போயிருக்கும்.

வைத்தால் போதாது, அசையாமல் கட்ட வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தசைக்கட்டு ராத்திரி முழுக்க ஒவ்வொரு இடுக்கிலும் தலையை நுழைத்துத் தள்ளப்போகிறது. ரப்பர் சக்‌ஷன் கப் சூட்டில் இளகி ஒரு வாரத்தில் விழுந்துவிடும். வயரிங் வேலையில் சுவரோரமாக வயரை அடிக்கும் ஆணிக் கிளிப், அல்லது துளைபோட்டுக் கட்டும் கேபிள் டை நல்லது. செல்லோ டேப், இன்சுலேஷன் டேப் எதையும் பெட்டிக்குள் ஒட்டவே கூடாது. சூட்டில் ஓரம் உரிந்ததும் பாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். விடுவிக்கச் சமையல் எண்ணெயை ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் செதிலோடு தோலும் வந்துவிடும்.

கண்ணாடித் தொட்டி, அடியில் ஹீட் மேட் என்றால் முறை வேறு. மேட் தொட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். தொட்டிக்குக் கால் வைத்து ஒரு விரல் உயரம் தூக்குங்கள், இல்லையென்றால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியே விரிசல் விடலாம். சென்சார் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். மேலே பரப்பும் தேங்காய் நார்த்தூள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போதும். கனமாகப் போட்டால் சூடு அடியிலேயே அடைபடும். அளக்கும்போது தூளை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியை அளக்க வேண்டும். பாம்பு தோண்டிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடியில்தான் வயிற்றை வைக்கும். அங்கே 33க்கு மேல் வரக் கூடாது.

சரி, இப்போது எண்ணை எவ்வளவு வைப்பது? கருவியில் வைக்கும் எண்ணும் பாம்புக்குக் கிடைக்கும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தனியாக ஒரு அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் துப்பாக்கி வேண்டும். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த துப்பாக்கி இதற்கு ஆகாது, அது மனித உடம்புக்கென்று திருத்தப்பட்டது. பட்டறைகளில் பயன்படுத்தும் வகையை வாங்குங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அடித்தால் கண்ணாடியின் சூடுதான் வரும், எனவே கதவைத் திறந்து, கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, கருவியில் 31 வைத்து நான்கு மணி நேரம் ஓடவிடுகிறீர்கள். திரை 31 காட்டுகிறது. கல்லின்மேல் துப்பாக்கி 36 காட்டுகிறது. அப்படியென்றால் எண்ணை 28க்கு இறக்கி, மறுபடி சில மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். கல் 33க்கு வந்து நின்றால் உங்கள் பெட்டிக்கு 28 என்பதே சரியான எண். அடுத்த வீட்டுக்காரர் பெட்டியில் அது 30 ஆக இருக்கலாம். எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் இந்த வேலை முழுவதையும் பாம்பு வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும். வெறும் பெட்டியை ஒரு வாரமாவது ஓடவிட்டு, அதிகாலை, மதியம், இரவு என்று குளிர்ந்த முனையையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

சென்சாரே பொய் சொல்கிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டின் நுனியையும் சேர்த்துப் பிடித்து மெல்லக் கலக்குங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 36.5 என்று காட்டி, கருவி 35.7 என்றால் 0.8 கூட்ட வேண்டும். எஸ்டிசி-1000இல் எஃப்4 இதற்குத்தான். தண்ணீர் புகாத சென்சாருக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்.

இரவுக்கு ஹாலோஜனை டைமர் அணைத்துவிடும். அறை 24க்குக் கீழே போகும் இடமென்றால் தனித் தெர்மோஸ்டாட்டில் ஒரு செராமிக் ஹீட்டர் வையுங்கள். சிவப்பு பல்ப், நீல பல்ப் என்று 'இரவு விளக்கு' விற்பார்கள். ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியும், இரவு இருட்டாக இருப்பதே நல்லது.

மற்ற பிராணிகளுக்கு எண்கள் மட்டும் மாறும். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக்குச் சூடான பொந்தின் தரை 32 அளவில், குளிர்ந்த முனை 22 முதல் 25. இரவில் 18 வரை இறங்கினாலும் தாங்கும். ஆஸ்திரேலியப் பாலைவனத்து பியர்டட் டிராகனுக்கு வெயில் காயும் இடம் 38 முதல் 42 வரை வேண்டும், ஹீட் மேட்டை நினைத்தே பார்க்க வேண்டாம். நியூ கலிடோனியாவின் கிரெஸ்டட் கெக்கோ நேர் எதிர். 28ஐத் தாண்டினால் அதற்கு ஆபத்து.

பழுதானால்

தெர்மோஸ்டாட் பழுதாவதில் இரண்டு விதம். மின்சாரமே தராமல் நின்றுபோவது ஒன்று. பாம்பு குளிரும், நாம் கவனித்துவிடுவோம். இன்னொன்று, ரிலேவின் முனைகள் ஒட்டிக்கொண்டு அல்லது ட்ரையாக் ஷார்ட் ஆகி, முழு மின்சாரமும் நிற்காமல் போவது. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது இது நடந்தால் பாம்பைக் காப்பாற்ற முடியாது. இதற்குக் காப்பீடு, இரண்டாவதாக ஒரு மலிவான ஆன்-ஆஃப் கருவி. சுவர் சாக்கெட்டில் முதலில் அதைச் சொருகி, அதில் முக்கியத் தெர்மோஸ்டாட்டைச் சொருகி, அதில் பல்பை மாட்டுங்கள். மலிவான கருவியின் சென்சார் முக்கியத் தெர்மோஸ்டாட்டின் சென்சாருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், எண் மட்டும் 3 டிகிரி கூடுதலாக. சாதாரண நாளில் அது தூங்கிக்கொண்டிருக்கும். முக்கியத் தெர்மோஸ்டாட் கைவிட்டால் அது மின்சாரத்தை வெட்டும். இரண்டு டிம்மிங் கருவிகளை இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகக் கூடாது. வெட்டிய அலையை மறுபடி வெட்டப்போய் இரண்டும் குழம்பும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிம்மிங் கருவி தாறுமாறாக நடந்துகொள்ளும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தொல்லை இல்லை. கரண்ட் போய் வந்தபின் வைத்த எண் நினைவில் இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சென்னையும் டொரோண்டோவும்

2013 டிசம்பர் பனிமழையில் டொரோண்டோவில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பாம்பு வளர்ப்பவர் தெர்மோகோல் பெட்டியும் வெந்நீர் பாட்டிலும் தயாராக வைத்திருக்க வேண்டும். பாட்டிலைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். 2016 வர்தா புயலில் சென்னையிலும் நாள்கணக்கில் இருட்டுதான், ஆனால் டிசம்பரிலும் வீட்டுக்குள் 25 டிகிரி இருக்கும் ஊரில் பால் பைத்தான் சும்மா சுருண்டு படுத்திருக்கும்.

சென்னையின் பிரச்சினை மே மாதம். அறையே 34 டிகிரி இருக்கும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஐடிசி-308 மாதிரி கருவிகளில் குளிரூட்டுவதற்கென்று இன்னொரு சாக்கெட் இருக்கும், அதில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம். ஆனால் ஃபேன் உள்ளே கொண்டுவருவது அதே 34 டிகிரி அறைக் காற்றைத்தான். பெட்டியை ஏசி ஓடும் அறைக்கு மாற்றுவதே வழி. அப்படி மாற்றியதும் இரவில் ஏசி அறையை 22க்கு இறக்கும், மே மாதத்தில் ஹீட்டர் ஓடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் டொரோண்டோ கணக்கில் சேர்த்தி.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் பற்றி ஒரு வரி. நம் ஊர் மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான், வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம். 2022இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரர் "பேப்பர் எல்லாம் தேவையில்லை சார்" என்றால் அங்கே வாங்க வேண்டாம்.

எல்லாம் பொருத்தி ஓடத் தொடங்கியபிறகும் மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை செய்யுங்கள். எண்ணை அறையின் சூட்டுக்குக் கீழே, 18 என்று இறக்கிப் பாருங்கள். ஆன்-ஆஃப் கருவி உடனே 'டிக்'கென்று அணைக்க வேண்டும், டிம்மிங் கருவியில் பல்ப் முழுக்க இருண்டுவிட வேண்டும். பிறகு எண்ணைப் பழையபடி வைத்து, சென்சாரைக் கைக்குள் மூடிப் பிடியுங்கள்; திரையில் எண் ஏறிக்கொண்டே போய், வைத்த அளவைத் தாண்டியதும் ஹீட்டர் நிற்க வேண்டும். 18க்கு இறக்கியும் பல்ப் எரிந்துகொண்டே இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அன்றைக்கே புதுக் கருவி வாங்கக் கிளம்புங்கள்.